‘ஒரு மா நிலத்துல மட்டும் போட்டுப் பார்க்கிறேன்’: விவசாயி புது முறைக்கு மாறுவது எப்படி நடக்கிறது?

“விவசாயிங்க மாறவே மாட்டாங்க சார்.” இந்தப் பேச்சை நீங்களும் எங்காவது கேட்டிருப்பீர்கள். சொட்டுநீர் போடச் சொன்னால் போடுவதில்லை, புது ரகம் கொடுத்தால் வாங்குவதில்லை, மண் பரிசோதனை அட்டையைப் பரணில் போட்டுவிடுகிறார்கள், படிப்பு போதாது, பழமையிலேயே ஊறிவிட்டார்கள் என்று அந்தப் பேச்சு நீண்டுகொண்டே போகும். நான் திருவாரூர் பக்கம் நெல் விளையும் ஊரில் வளர்ந்தவன். இதைக் கேட்கும்போதெல்லாம் மனசு பொறுக்காது.

ஏனென்றால் இதே விவசாயிகள் அறுவடையை அடியோடு மாற்றியதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். என் சின்ன வயதில் இருபது முப்பது பேர் அரிவாளோடு இறங்கி அறுத்து, கட்டுக் கட்டி, களத்துக்குச் சுமந்து, அடித்து, தூற்றி நெல்லாக்குவார்கள். இன்றைக்கு ஈர வயல் என்றால் பெல்ட் வண்டி, காய்ந்த வயல் என்றால் டயர் வண்டி, மணிக்கு இவ்வளவு என்று வாடகை பேசி ஒரே பகலில் வேலை முடிந்துவிடுகிறது. இதற்காக யாரும் வீடு வீடாகப் போய்ப் பிரச்சாரம் செய்யவில்லை. ஆனால் அதே ஊரில், அதே ஆட்களிடம், பல வருஷம் சொல்லியும் பரவாத முறைகளும் இருக்கின்றன.

அப்படியானால் ‘விவசாயி மாறுவாரா மாட்டாரா’ என்ற கேள்வியே தவறு. எது சட்டென்று பரவுகிறது, எது பரவுவதில்லை, ஏன் என்பதைத்தான் கேட்க வேண்டும். இந்தியா, ஆப்பிரிக்கா என்று பல இடங்களில் பொருளாதார ஆய்வாளர்கள் இதை வயலில் இறங்கியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அதை எனக்குப் பழக்கமான நெல் வயலோடு சேர்த்து எளிமையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

முதலில், எதைத் தொழில்நுட்பம் என்கிறோம்?

தொழில்நுட்பம் என்றதும் பலருக்கு ட்ரோனும் செல்போன் செயலியும்தான் நினைவுக்கு வரும். இங்கே அந்தச் சொல் இன்னும் அகலமானது. ஒரு நெல் ரகமும் தொழில்நுட்பம்தான். யூரியாவை ஒரே தடவை கொட்டாமல் மூன்று தடவையாகப் பிரித்துப் போடுவதும், விதைப்பைப் பத்து நாள் முன்னே தள்ளுவதும், பயிர்க் காப்பீடும் எல்லாமே தொழில்நுட்பம்தான்.

இவற்றில் ஒன்றை ஒரு விவசாயி தன் நிலத்தில், தன் செலவில், தொடர்ந்து செய்ய ஆரம்பிப்பதை ‘ஏற்பு’ என்கிறார்கள். தொடர்ந்து என்ற சொல்லைக் கவனியுங்கள். இலவசமாகக் கிடைத்த விதைப் பையை ஒரு பருவம் தெளித்துப் பார்ப்பது ஏற்பு ஆகாது, அது சோதனை.

வீட்டிலிருந்து ஒரு உதாரணம். அம்மிக்குப் பதில் மிக்ஸி வந்தது. அதே சட்னிதான், நேரம் மிச்சம், வீட்டில் வேறு யாரும் எதையும் மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. காசு இருந்தவர்கள் உடனே வாங்கினார்கள், இல்லாதவர்கள் தவணையில் வாங்கினார்கள். இப்போது டாக்டர் சொல்கிறார்: “ராத்திரி ஏழு மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க, அரிசியைக் குறைங்க.” இதற்குப் பைசா செலவில்லை. ஆனால் வேலைக்குப் போனவர் எட்டரைக்குத்தான் வருவார், பிள்ளைக்கு டியூஷன், மாமியாருக்குச் சோறு இல்லாமல் ஆகாது. வீடு முழுக்க மாறினால்தான் அந்த ஒரு அறிவுரை நடக்கும். காசு கொடுத்து வாங்கும் மிக்ஸியைவிட இலவச அறிவுரை கடினம்.

வயலிலும் இதே வித்தியாசம் உண்டு. புது ரகம் மிக்ஸி மாதிரி. பழைய விதை இருந்த கோட்டையில் புது விதை, மற்றதெல்லாம் ஏறக்குறைய அப்படியே. பிலிப்பைன்ஸில் இருக்கும் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 1966-ல் வெளியிட்ட ஐஆர் 8 ரகம் ஆசியா முழுக்க வேகமாகப் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். அதிலும் சோறு தடிப்பு, ருசி போதாது, வைக்கோல் குட்டை என்று குறைகள் இருந்தன. மாடு வைத்திருக்கும் வீட்டில் வைக்கோலும் விளைச்சல்தான், நெல்லை மட்டும் எடை போட்டுப் பார்ப்பவருக்கு இது தெரியாது. புது சாகுபடி முறை என்பது டாக்டர் அறிவுரை மாதிரி. அதில் நடவு ஆட்கள், தண்ணீர், கருவி, பக்கத்து வயல்காரர் எல்லாரும் வந்துவிடுகிறார்கள்.

ஆக, பொருளாக வருவதும் பழக்கமாக வருவதும் ஒன்றில்லை. பொருள் வேகமாகப் பரவும், பழக்கம் மெதுவாகத்தான் பரவும்.

சராசரி நன்றாகத்தான் இருக்கிறது, கெட்ட வருஷத்தில் என்ன ஆகும்?

என் பார்வையில் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

உங்களுக்கு இரண்டு வேலை வருகிறது. ஒன்றில் மாதம் 30,000 ரூபாய், நிச்சயம். இன்னொன்று கமிஷன் வேலை, வருஷத்தைக் கூட்டிப் பார்த்தால் மாதம் சராசரி 40,000 வரும், ஆனால் இடையில் மூன்று மாதம் ஒன்றுமே வராமலும் போகலாம். கையில் சேமிப்பு உள்ளவர் இரண்டாவதை எடுப்பார். வீட்டுக் கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் தலைக்கு மேல் நிற்பவர் முதலாவதைத்தான் எடுப்பார். அவரை ‘கணக்குத் தெரியாதவர்’ என்று சொல்வோமா?

இதை வயலுக்குக் கொண்டுபோவோம். எண்கள் என் கற்பனை, புரிவதற்காக மட்டும். ஐந்து வருஷத்தில் நாலு நல்ல வருஷம், ஒன்று கெட்ட வருஷம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ரகம் ஏக்கருக்கு நல்ல வருஷம் 28 மூட்டை, கெட்ட வருஷம் 18 மூட்டை காணும். புது ரகம் நல்ல வருஷம் 36, கெட்ட வருஷம் 8. சராசரி போட்டால் பழையது 26, புதியது 30-க்கு மேல். புது ரகம்தான் ஜெயிக்கிறது. ஆனால் அந்த விவசாயிக்கு உரம், கூலி, குத்தகை எல்லாம் கழிய 15 மூட்டையாவது வேண்டும் என்றால்? பழைய ரகத்தில் கெட்ட வருஷத்திலும் தலை தப்பும். புது ரகத்தில் அந்த ஒரு வருஷம் வீட்டு நகை அடகுக்குப் போகும், வட்டி ஏறும், மூழ்கிய நகையை அடுத்த நாலு நல்ல வருஷமும் மீட்டுத் தராது.

இப்படி விளைச்சல் ஏறி இறங்குவதால் வரும் ஆபத்தை ‘இடர்’ என்கிறோம். ஏற்ற இறக்கம் பெரிதாக இருக்கும் இடத்தில், சராசரி கொஞ்சம் குறைந்தாலும் பாதுகாப்பானதைப் பிடித்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். இந்தியாவில் நிலம் வைத்திருப்போரில் சுமார் 86 சதவீதம் பேர் சிறு, குறு விவசாயிகள், அதாவது 5 ஏக்கருக்குக் கீழே. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சராசரி நிலம் முக்கால் ஹெக்டேர்தான், ஏக்கரில் சொன்னால் 2-க்குக் கொஞ்சம் கீழே. இந்த அளவு நிலத்தில் ஒரு கெட்ட வருஷம் என்ன செய்யும் என்பதை அவருக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை.

இதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெளிவாகும். கெட்ட வருஷத்தின் அடியைக் குறைக்கிற தொழில்நுட்பம் வந்தால் என்ன நடக்கும்? ஒடிசாவில் ஸ்வர்ணா என்ற ரகம் பிரபலம். அதற்குள் வெள்ளத்தைத் தாங்கும் சப் 1 என்ற மரபணுவைச் சேர்த்து ஸ்வர்ணா சப் 1 என்று ஒரு ரகம் வந்தது. அந்த மரபணுவும் ஒடிசாவின் பழைய நாட்டு நெல்லிலிருந்தே எடுக்கப்பட்டது. பயிர் தண்ணீருக்குள் இரண்டு வாரம் வரை மூழ்கிக் கிடந்தாலும் பிழைத்துக்கொள்ளும், வெள்ளம் வராத வருஷத்தில் சாதாரண ஸ்வர்ணா மாதிரியே விளையும். இந்த விதை கிடைத்த விவசாயிகளைத் தொடர்ந்து பார்த்தபோது, அவர்கள் விதையை மட்டும் மாற்றவில்லை. கூடுதல் நிலத்தில் பயிர் வைத்தார்கள், உரம் கூடப் போட்டார்கள், தெளிப்பை விட்டுவிட்டு நடவுக்கு மாறினார்கள். யாரும் வந்து போதிக்கவில்லை. போட்ட பணம் வெள்ளத்தோடு போகாது என்ற தைரியம் வந்தது, அவ்வளவுதான். நம் டெல்டாவிலும் சிஆர் 1009 ரகத்தில் அதே மரபணு சேர்ந்த சிஆர் 1009 சப் 1 இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் நாள் கணக்கில் வயல் மூழ்கிக் கிடப்பதைப் பார்த்தவருக்கு அதன் அருமை தெரியும்.

ஆப்பிரிக்காவில் கானாவில் செய்த ஒரு சோதனையும் இதையே காட்டியது. சில விவசாயிகளுக்குப் பணம் கொடுத்தார்கள், சிலருக்கு மழைக் காப்பீடு கொடுத்தார்கள். மழை பொய்த்தால் காப்பாற்ற ஒன்று இருக்கிறது என்று தெரிந்தவர்கள், கையில் கூடுதல் பணம் இல்லாமலேயே, எங்கிருந்தோ புரட்டி வயலில் அதிகம் போட்டார்கள்.

இந்தப் பகுதியிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: ‘இது எவ்வளவு கூட விளையும்’ என்று கேட்கும் முன்னால் ‘கெட்ட வருஷத்தில் இது என்ன செய்யும்’ என்று விவசாயி கேட்கிறார். அவர் கேட்பது சரியான கேள்வி.

பணம் இருக்கும் நாளும் பணம் தேவைப்படும் நாளும்

தீபாவளிச் சீட்டு ஏன் கட்டுகிறோம்? அந்த ஐநூறு ரூபாயை மாதாமாதம் வீட்டிலேயே வைத்திருக்கலாமே. வைத்தால் தங்காது என்று நமக்கே தெரியும். பணம் வரும் நாளிலேயே அதை ஒரு இடத்தில் பூட்டிவிடுகிறோம்.

விவசாயிக்குப் பணம் அறுவடையின்போது வருகிறது. உரம் வாங்க வேண்டியது அடுத்த பருவம் நட்ட பிறகு. நடுவில் கடன், காதுகுத்து, பள்ளி திறப்பு, ஆஸ்பத்திரி. உரம் போட வேண்டிய நாளில் கை காலி. அன்றைக்கு அவரிடம் போய் “உரத்தின் பயன் தெரியுமா” என்று கூட்டம் போட்டால் என்ன பிரயோஜனம்?

கென்யாவின் மேற்குப் பகுதியில் பூசியா என்ற மாவட்டத்தில் இதைச் சோதித்தார்கள். செய்தவர்களில் எஸ்தர் டூஃப்லோ, மைக்கேல் கிரேமர் இருவரும் 2019-ல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். அறுவடை முடிந்த கையோடு விவசாயி வீட்டுக்கே போய், “இப்போ பணம் கட்டிடுங்க, போடுற நேரத்துல உரத்தை உங்க வீட்டுல இறக்கிடுறோம், கொண்டுவர்ற செலவு கிடையாது” என்றார்கள். சலுகை அவ்வளவுதான், உரத்துக்கு முழு விலை. ஆனால் உரம் போடுவோர் எண்ணிக்கை நன்றாகவே கூடியது. உரம் போடும் நேரத்தில் பாதி விலைக்குக் கொடுத்தால் என்ன பலன் கிடைக்குமோ, அதற்குக் குறையாத பலன், சின்னச் செலவில். அந்த விவசாயிகளுக்கு உரத்தைப் பற்றிப் புதிதாக எதுவும் சொல்லப்படவில்லை, கேட்ட நாள் மட்டும்தான் மாறியது.

அதே பொருள், அதே ஆள், வேறு நாள், வேறு பதில். இதை மனதில் வைத்துக்கொண்டு அடுத்ததுக்கு வாருங்கள்.

ஒற்றை நாற்று நடவு: ஒரு வயலில் நடந்தது

ஒற்றை நாற்று நடவு, செம்மை நெல் சாகுபடி, திருந்திய நெல் சாகுபடி என்று பல பெயரில் நம் ஊரில் சொல்லப்படும் முறை மடகாஸ்கர் தீவில் பிறந்தது. 1980-களில் ஹென்றி டி லோலானி என்ற பிரெஞ்சுப் பாதிரியார் அங்கே விவசாயிகளோடு சேர்ந்து உருவாக்கினார். தமிழ்நாட்டில் 2000-க்குப் பிறகு வேளாண் பல்கலைக்கழகம் சோதித்து, தாமிரபரணி, காவிரிப் பாசனப் பகுதிகளில் விவசாயிகள் வயலிலேயே செய்து காட்டி, அப்புறம் அரசு பெரிய அளவில் எடுத்துச் சென்றது.

முறை இதுதான். 25, 30 நாள் நாற்றுக்குப் பதில் 14 நாள் நாற்று. கொத்தாக நாலைந்து வைக்காமல் குத்துக்கு ஒன்று. 25 சென்டிமீட்டர் இடைவெளியில் சதுரமாக நடவு. வயலில் தண்ணீரைத் தேக்காமல் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மண் லேசாக வெடிக்கும்போது மறுபடி பாய்ச்சல். பத்து நாளைக்கு ஒரு தடவை கோனோவீடர் என்ற உருளைக் கருவியைத் தள்ளிக் களையை மண்ணுக்குள் அமுக்க வேண்டும். ஏக்கருக்கு முப்பது கிலோ விதை போன இடத்தில் 2, 3 கிலோ போதும். இளம் நாற்றுக்கு இடமும் காற்றும் கிடைப்பதால் வேர் நன்றாக ஓடும், ஒரே நாற்றிலிருந்து முப்பது நாற்பது தூர், அதாவது பக்கத் தண்டுகள், வெடிக்கும். விதை குறைவு, தண்ணீர் குறைவு, விளைச்சல் அதிகம். கேட்டால் யாருக்குத்தான் ஆசை வராது?

என் பெரியப்பாவுக்கும் வந்தது. அவருக்கு ஒரே திட்டாக மூன்று மா நிலம், எங்கள் பக்கத்துக் கணக்கில் மூன்று மா ஒரு ஏக்கர். “ஒரு மாவுல மட்டும் போட்டுப் பார்க்கிறேன், மத்த ரெண்டு மா எப்பவும் போல” என்றார். இது குறுவையில். பாய் நாற்றங்காலில் வளர்ந்த நாற்றை மண்ணோடு பெயர்த்துத் தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுபோனோம். நடவுக்கு வந்த அக்கா ஒருத்தர் ஒரு நாற்றைப் பிய்த்து விரல் நுனியில் வைத்துக்கொண்டு, “என்னங்கய்யா இது, புல்லாட்டம் இருக்கு, ஊனுனா எங்க நிக்குதுன்னே தெரியல” என்றார். முடிச்சுப் போட்ட கயிற்றைப் பிடித்து, ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு நாற்று. எப்போதும் பாட்டும் பேச்சுமாகப் பறக்கும் கைகள் அன்றைக்குத் தடுமாறின. ஒரு மா நடவே மத்தியானம் தாண்டிவிட்டது.

இங்கேதான் முதல் சிக்கல். நடவுக் கூலி எங்கள் ஊரில் ஏக்கர் கணக்கில் ஒப்பந்தம். காலையில் ஒரு வயல், மத்தியானம் இன்னொரு வயல் என்று போனால்தான் அந்தப் பெண்களுக்குக் கட்டும். மேட்டூரில் தண்ணீர் திறந்து வாய்க்காலுக்கு வந்துவிட்டால் ஊர் முழுக்க ஒரே நேரத்தில் நடவு, ஆளுக்கு அடிபிடி. அந்த நேரத்தில் மெதுவாக நடச் சொல்லும் வயலுக்கு அவர்கள் ஏன் வர வேண்டும்? ஏற்க வேண்டியவர் பெரியப்பா ஒருவர் மட்டும் இல்லை, அந்தப் பத்துப் பெண்களும் ஏற்க வேண்டும், அவர்கள் கூலிக் கணக்கும் அதற்கு ஏற்ப மாற வேண்டும். திட்ட அறிக்கைகளில் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு வரி வந்தாலே பெரிது.

அப்புறம் அந்த இருபது நாள். நட்ட வயல் வெறுமையாகக் கிடந்தது. ரோட்டிலிருந்து பார்த்தால் மண்தான் தெரியும். போகிறவர் வருகிறவர் எல்லாம், “என்ன மாமா, நட்டாச்சா, இனிமேத்தான் நடணுமா?” என்று கேட்டுவிட்டுப் போவார்கள். பெரியப்பா சிரிப்பார். ஆனால் அந்த நாட்களில் சாயங்காலம் வரப்பில் போய் நின்றுகொண்டே இருப்பார். பெரியம்மாதான் சொன்னார், “ராத்திரி தூங்கல இந்த மனுசன்.” மூன்றாவது வாரம் தூர் கட்ட ஆரம்பித்ததும் வயல் மூடியது. அறுவடையில் அந்த ஒரு மாவில் மூன்று மூட்டை கூடக் கண்டது.

சரி, அடுத்த பருவம் மூன்று மாவிலும் செய்தாரா? செய்யவில்லை. காரணங்களை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். களை எடுப்பது எங்கள் ஊரில் பெண்கள் வேலை. எங்கள் களிமண்ணில் கோனோவீடரைத் தள்ள அவர்களால் ஆகவில்லை, ஆண் ஆள் வைத்தால் கூலி அதிகம், அதுவும் நாலு தடவை. அடுத்து, தண்ணீர். காய்ச்சலும் பாய்ச்சலும் செய்ய வேண்டுமென்றால் தண்ணீர் நம் கைக்குள் இருக்க வேண்டும். போர் வைத்திருப்பவருக்கு அது முடியும். வாய்க்கால் பாசனத்தில் மேல் வயல் நிரம்பி நம் வயல் வழியாகத்தான் கீழ் வயலுக்குப் போகிறது, நான் காயப் போடுகிறேன் என்று அடைக்க முடியாது. முறைத் தண்ணீர் இன்றைக்கு விட்டால் மறுபடி எப்போது வருமோ என்ற பயத்தில், வரும்போது பிடித்து வைப்பதுதான் இயல்பு. சம்பாவிலோ வடகிழக்கு மழை கொட்டும், அந்தப் பிஞ்சு நாற்று ஒரே ராத்திரி மழையில் மூழ்கி அழுகிவிடும்.

இன்னொன்றையும் சேர்த்து யோசியுங்கள். தண்ணீர் மிச்சம் என்பதுதான் இந்த முறையின் பெரிய பெருமை. ஆனால் மிச்சமான தண்ணீர் யாருக்குப் போகிறது? வாய்க்கால் தண்ணீருக்கு லிட்டர் கணக்கில் காசு கட்டுவதில்லை. தமிழ்நாட்டில் பம்புசெட்டு மின்சாரமும் இலவசம். ஆகவே பாடு என்னுடையது, மிச்சமாகும் தண்ணீரின் லாபம் ஊருக்கோ கடைமடைக்கோ. ஊருக்கு நல்லது, மறுக்கவில்லை. ஆனால் ஊருக்கு நல்லதை ஒருவர் தன் கைக்காசில் செய்யவில்லை என்பதற்காக அவரை அறியாதவர் என்பது அநியாயம்.

இந்த முறை பிறந்த மடகாஸ்கரிலேயே இதே கதைதான். முயன்று பார்த்தவர்களில் கணிசமானவர்கள் பிறகு விட்டுவிட்டார்கள். ஆய்வு செய்தவர்கள் கண்ட காரணம் மனதைப் பிசைகிறது. இந்த முறைக்கு அதிக ஆள் உழைப்பு தேவைப்படும் காலமும், ஏழைக் குடும்பங்களில் அரிசி தீர்ந்துபோகும் காலமும் ஒன்று. அந்த நாட்களில் அவர்கள் அன்றாடக் கூலிக்குப் போனால்தான் அன்றைக்குச் சாப்பாடு. தன் வயலில் இறங்கி உழைத்தால் நாலு மாதம் கழித்து நெல் கூட வரும், சரி, இன்றைக்கு ராத்திரிக்கு என்ன?

இப்படி ஒன்றைச் செய்வதற்காக விட்டுக்கொடுக்கும் இன்னொன்றின் மதிப்பை ‘வாய்ப்புச் செலவு’ என்கிறார்கள். ரசீதில் வராத செலவு. இலவசத் தொழில்நுட்பத்துக்கும் இந்தச் செலவு உண்டு, ஏழைக்குத்தான் அது அதிகம்.

யார் சொன்னால் நம்புவார்கள்?

வீடு கட்ட மேஸ்திரி பார்க்கிறோம். விளம்பரத்தைப் பார்த்தா முடிவெடுக்கிறோம்? நம் மாதிரி பட்ஜெட்டில் கட்டிய ஒருவரிடம் போய், “சுவர் ஒழுகுதா, சொன்ன தேதியில முடிச்சாரா” என்று கேட்கிறோம். பத்துக் கோடியில் பங்களா கட்டியவர் சொல்வது நமக்கு உதவாது.

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 1928 வாக்கில் வீரிய ஒட்டு மக்காச்சோளம் வந்தது. அங்கே 259 விவசாயிகளை விசாரித்த ஒரு ஆய்வு 1943-ல் வெளியானது, இந்தத் துறைக்கே அதுதான் தொடக்கம் மாதிரி. 1941-க்குள் இரண்டே இரண்டு பேரைத் தவிர எல்லாரும் மாறியிருந்தார்கள். ஆனால் முதல் சில வருஷம் விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள்தான், நடுவில் ஒரேயடியாக ஏறி, கடைசியில் மெதுவானது. வரைபடம் போட்டால் ஆங்கில எஸ் எழுத்தைச் சாய்த்து வைத்த மாதிரி வரும், அதனால் ‘எஸ் வளைவு’ என்று பெயர். விதையைப் பற்றி ஏறக்குறைய பாதிப் பேர் முதலில் கேள்விப்பட்டது விற்பனையாளரிடம். அதிகம் பேரின் மனதை மாற்றியது பக்கத்து வயல்காரர். எடுத்த எடுப்பில் முழு நிலத்திலும் போடாமல் கொஞ்சத்தில் போட்டுப் பார்த்துத்தான் அவர்களும் மாறினார்கள். அமெரிக்க விவசாயியும் என் பெரியப்பாவும் செய்தது ஒன்றே.

மற்றவர் வயலைப் பார்த்துக் கற்பதை ‘சமூகக் கற்றல்’ என்கிறார்கள். இது கண்மூடிப் பின்பற்றுவது இல்லை. கானாவில் அன்னாசி பயிரிட ஆரம்பித்தவர்களைக் கவனித்தபோது, தனக்குத் தெரிந்த ஒருவர் எதிர்பார்த்ததைவிட நன்றாக அறுவடை செய்திருந்தால் அவர் போட்ட உர அளவை நோக்கித் தன் அளவை மாற்றிக்கொண்டார்கள் என்று தெரிந்தது. மலாவியில் இன்னொரு சோதனையில், அரசு அலுவலர், முன்னோடி விவசாயி, சாதாரண விவசாயி என்று மூன்று வகை ஆட்களை வைத்துப் புது முறைகளைப் பரப்பப் பார்த்தார்கள். சின்ன ஊக்கப் பரிசு மட்டும் கொடுத்தபோது, அதிகம் பேரை மாற்றியவர்கள் சாதாரண விவசாயிகள்தான். ஏனென்றால் அவர் நிலமும் நம் நிலமும் ஒரே மாதிரி, அவர் கடனும் நம் கடனும் ஒரே மாதிரி.

நம் ஊரில் மாதிரிப் பண்ணையை யார் நிலத்தில் போடுகிறார்கள்? பெரும்பாலும் ரோட்டோரம், போர் வசதி உள்ள, பத்து ஏக்கர்காரர் வயலில். போட்டோ எடுக்க நன்றாக இருக்கும். பார்க்க வருகிற ஒரு ஏக்கர்காரர் தலையாட்டிவிட்டு, “அவருக்கென்ன, போர் இருக்கு” என்று திரும்பிவிடுவார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை.

கடைச் சரக்கும் நில ஆவணமும்

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. ஒன்று, கடையில் கிடைப்பது அசலா என்ற சந்தேகம். உகாண்டாவில் கடைகளில் விற்ற உரத்தையும் விதையையும் வாங்கிச் சோதித்தார்கள். உரத்தில் இருக்க வேண்டிய சத்தில் சராசரியாக 30 சதவீதம் இல்லை. வீரிய விதை என்று விற்றதில் பாதிக்கும் குறைவாகவே அசல். அந்த ஊர் விவசாயி “புது விதை ஒண்ணும் பிரமாதம் இல்ல” என்று சொன்னால், அது அவர் அனுபவத்தில் உண்மை.

இரண்டாவது, நிலம் யாருடையது என்பது. வாய்ப்பேச்சில் குத்தகைக்கு உழுகிறவரிடம் அவர் பெயரில் சிட்டா இருக்காது. தமிழ்நாட்டில் சொட்டுநீருக்கு சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீத மானியம் உண்டு, ஆனால் அதற்கு நில ஆவணம் வேண்டும். கிடைத்தாலும், அடுத்த வருஷம் இந்த நிலம் நம்மிடம் இருக்குமா என்று தெரியாதவர் எந்தத் தைரியத்தில் குழாய் பதிப்பார்?

மாறினாரா, மாறவில்லையா?

கணக்கெடுப்புப் படிவத்தில் இரண்டே கட்டம்தான்: ஏற்றார், ஏற்கவில்லை. வயலில் பெரும்பாலும் நடப்பது ‘பகுதி ஏற்பு’. ஒரு முறையில் ஐந்து அம்சம் இருந்தால் தனக்குக் கட்டுபடியாகும் இரண்டை எடுத்துக்கொண்டு மூன்றை விட்டுவிடுவது.

பெரியப்பா இப்போதும் விவசாயம் பார்க்கிறார். ஒற்றை நாற்று இல்லை, குத்துக்கு இரண்டு. 14 நாள் இல்லை, 20 நாள் நாற்று, மழை வந்தாலும் தலை தூக்கி நிற்கும் என்கிறார். கோனோவீடர் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடக்கிறது. ஆனால் கயிறு பிடித்து வரிசையாகத்தான் நடுகிறார், முன்பு முப்பது கிலோ போன விதை இப்போது பத்துக்குள் நின்றுவிட்டது. போன வருஷம் ஒரு படிவத்தோடு வந்த பையன், “அய்யா, ஒற்றை நாற்று நடவு செய்றீங்களா?” என்று கேட்டான். பெரியப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். “இல்ல தம்பி” என்றார். பையன் அந்தக் கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனான். எதிரே, சதுரம் பிடித்த மாதிரி வரிசை வரிசையாக மூன்று மாவும் பச்சையாக நின்றது.